ஏழாவது கோவில்

அந்த வருடம் எனக்குத் தொலைபேசி என்றாலே பயம். அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. என் மனைவியின் தம்பி அதற்குள் அகப்பட்டுப்போயிருந்தான். ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியாகக் கடலோரத்தில் ஒரு கோவில் வளவுக்குள் தறப்பாள் கட்டி இருக்கிறான் என்பது வரை எங்களுக்குத் தெரியும். மாசி மாதத்தில் ஒருநாள் யாருடையதோ செய்மதித் தொலைபேசியில் கொஞ்ச நேரம் கதைத்தான். "அத்தான், கோவிலுக்கைதான் இருக்கிறம். இஞ்சை அடிக்க மாட்டாங்கள். அக்காவைப் பயப்பட வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றான். அக்காவிடம் கொடுக்கிறேன் என்று நான் எழும்புவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை.

தாய் செத்த பிறகு அவனைத் தோயவார்த்துச் சோறு தீத்தி வளர்த்தவள் என் மனைவிதான். எனக்கும் அவனிடம் ஒரு கடன்பாடு உண்டு. நான் சைவம், அவள் கத்தோலிக்க வேதம். எங்கள் கலியாணத்துக்கு அவள் பக்கத்திலிருந்து வந்த ஒரே ஆள் அவன். மீசைகூட ஒழுங்காக முளைக்காத வயதில், யாரிடமோ இரவல் வாங்கிய நீளக் காற்சட்டையோடு வந்து, பெண்வீட்டார் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அவளுடைய அண்ணர் அப்போதே கனடாவில் இருந்தார். தங்கை ஒரு சைவப் பெடியனோடு போய்விட்டாள் என்று அவர் முகத்தைத் திருப்பினார். காலப்போக்கில் தங்கையோடு சமாதானமாகிவிட்டார். என்னோடு ஆகவில்லை. தப்பித்தவறி நான் போனை எடுத்துவிட்டால் மறுமுனையில் மூச்சு மட்டும்தான் கேட்கும். நானும் வாய் திறக்காமல் போனை அவளிடம் நீட்டிவிடுவேன். இப்படியே நாங்கள் இருவரும் கிழவர்களாகிக்கொண்டிருந்தோம்.

பெரிய வியாழன் வந்தது. அன்றைக்கு ஏழு கோவில் சந்திப்பது அவளுடைய ஆட்களின் வழக்கம். ஊரில் என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஏழும் முடிந்துவிடும். ஒஸ்லோவில் அவளுடைய சபைக் கோவில்கள் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ஆனபடியால் அவள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். அவள் பாலர் பாடசாலையில் வேலை செய்கிறவள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய நகரத்துப் பக்கம் அடிக்கடி போவாள். அந்தப் பக்கத்துச் சரித்திரமெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"இந்த ஊரிலை உள்ள பழைய கோவிலெல்லாம் முந்தி எங்கடைதான். பிறகுதான் ராசா கத்தோலிக்கத்தை விட்டுச் சபையை மாத்தினவர். ஆண்டவர் மாறேல்லை. பழைய கோவிலாப் பார்த்து ஏழுக்குப் போவம். தம்பிக்கு நேர்ந்து வைச்சிருக்கிறன்" என்றாள்.

"ஈஸ்டருக்கு ஊரே மலைக்குப் போட்டுது. எல்லாம் பூட்டிக் கிடக்கும்" என்றேன்.

"பூட்டியிருந்தால் கதவைத் தொட்டுக் கும்பிடுறது."

மகள் சிநேகிதியின் குடும்பத்தோடு மலைக்குப் பனிச்சறுக்கப் போயிருந்தாள். வீட்டில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட நடந்தால் நல்லது என்று எனக்கும் பட்டது. புறப்படும்போது அவள் தன் கைப்பேசியை என் கையில் வைத்தாள்.

"இதை நீங்கள் வைச்சிருங்கோ. ஏழாவது முடியுமட்டும் எனக்கு ஒரு செய்தியும் வேண்டாம். ஏழாவதிலை நானே கேப்பன். அதுக்கு முதல் சொல்லிப்போடாதேங்கோ."

"நல்ல செய்தியெண்டால் சொல்லலாம்தானே?"

"நல்லதுக்கு மட்டும் வாய் திறந்தால், திறக்காத நேரமெல்லாம் நான் பயந்து சாக வேணும். ஒண்டுமே வேண்டாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. போனைச் சட்டைப்பைக்குள் வைத்து, அதற்கு மேல் ஜாக்கெட்டை இழுத்து மூடினேன். நெஞ்சுக்கு நேரே அது கிடந்தது. மோர்டென்ஸ்ருட்டில் ரயில் ஏறும்போதுதான் அவளுடைய கைகளைப் பார்த்தேன்.

"கையுறை எங்கை?"

"கையுறையோடை செபமாலை உருட்ட வராது."

"இந்தக் குளிரிலை விரல் விறைச்சு விழப்போகுது. எத்தினை வருசமா இஞ்சை இருக்கிறீர், உமக்கு அறிவெண்டு ஒண்டு இருக்கோ?"

நான் இப்படித்தான். வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டும் ஆலையில், இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வந்த குரல் என்று அவளுக்குச் சொல்வேன். அது பொய். அதற்கு முன்பும் நான் இப்படித்தான். ஏசுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவளும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

முதலாவது, அவளுடைய சபையின் பெரிய கோவில். எங்கள் ஆட்கள் சிலர் முழங்காலில் இருந்தார்கள். எல்லோருடைய கண்ணும் சிவந்திருந்தது. யாரும் யாரையும் சுகம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் என்ன பதில் வருமோ என்ற பயம்தான். அவள் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். நானும் ஒன்று கொளுத்தினேன். என் கடவுள் கோபிக்க மாட்டார்.

இரண்டாவது அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. சிவப்புச் செங்கல், மேலே பெரிய கும்மட்டம். கதவு பூட்டு. அவள் வெறுங்கையைக் கதவில் வைத்துக் கண்ணை மூடினாள். "பூட்டின கோவில் கணக்கிலை வருமோ? பிறகு ஏழுக்கு ஆறுதான் எண்டு உம்மடை ஆண்டவர் கழிக்கப்போறார்" என்றேன். "அவர் உள்ளைதான் இருக்கிறார். பூட்டு எங்களுக்குத்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

மூன்றாவது மேட்டில் இருக்கிற பழைய கற்கோவில். நகரத்திலேயே நிமிர்ந்து நிற்கிற கட்டடங்களில் மிகப் பழையது என்கிறார்கள். அதற்குப் போகிற வழியெல்லாம் கல்லறைகள். மாரியில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சிறுகல் இன்னும் கூட்டப்படாமல் காலடியில் நெரிந்தது. நிழலில் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே சுடலை என்றால் பயம். எங்கள் ஆட்கள் அதை ஊருக்கு வெளியே வைத்திருக்கிறார்கள், போய் வந்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. இவர்கள் என்னவென்றால் கோவில் வாசலிலேயே வைத்துப் பூங்கன்று நட்டிருக்கிறார்கள். "வீட்டை போனதும் நான் தோயவேணும். சுடுதண்ணியை முடிச்சுப்போடாதையும்" என்றபடி, எந்தக் கல்லிலும் படாமல் ஜாக்கெட்டை ஒடுக்கிக்கொண்டு நடந்தேன்.

அந்தக் கோவில் திறந்திருந்தது. உள்ளே நாலைந்து வயதானவர்களை வைத்துப் பூசை நடந்துகொண்டிருந்தது. சுவர்கள் அவ்வளவு தடிப்பு. யன்னல்கள் எட்டாத உயரத்தில் சின்னதாக இருந்தன. இதற்குள் இருந்தால் எந்தக் குண்டும் ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் போன் அதிர்ந்தது.

அவள் முன் வாங்கில் முழங்காலில் இருந்தாள். நான் பின் கதவால் வெளியே வந்தேன். திரையில் கனடா எண். அண்ணர். எடுத்துவிட்டு, வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர் வழக்கம்போல மூச்சோடு நிற்பார், அவள் பூசையில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"மச்சான்" என்றார்.

எத்தனையோ வருடங்களில் அந்த மனிதர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மிச்சத்தைக் கேட்காமல் போனை அந்தக் கல்லறைகளுக்குள் எறிந்துவிட்டு ஓடலாமா என்று இருந்தது.

"மச்சான், கோவில் வளவுக்கை செல் குண்டு விழுந்திட்டுது. தம்பி எங்களை விட்டிட்டுப் போட்டான். அவளுக்கு நான் சொல்லமாட்டன். எனக்கு ஏலாது. நீங்கள் சொல்லுங்கோ." பிறகு ஒரு வயதான மனிதர் அழுகிற சத்தம். நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் வெளியே வந்தபோது நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. "நாலாவது ஆத்தங்கரையிலை இருக்கு" என்றாள். நான் பின்னால் நடந்தேன்.

ஆற்றங்கரைக் கோவில் இப்போது கச்சேரி வைக்கிற மண்டபம். கதவில் பாட்டுக்காரர்களின் படம் ஒட்டியிருந்தது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துக் கும்பிட்டாள். தம்பியைக் காப்பாற்று என்று வாய்விட்டே கேட்டாள். ஐந்தாவது நகரத்தின் நடுவிலுள்ள பேராலயம். திருத்தவேலைக்காகச் சுற்றிவரப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். அந்தப் பலகையில் நெற்றியை வைத்துத் திரும்பவும் அதையே கேட்டாள். நான் ஒவ்வொரு முறையும் பின்னால் நின்றேன். முடிந்துபோன காரியத்துக்காக ஒருத்தி மன்றாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல ஒரு தண்டனை இல்லை. எந்த நேரம் திரும்பிப் பார்ப்பாளோ, என் முகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லிவிடலாமா என்று பலமுறை வாய் எடுத்தேன். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், வாக்கைவிடப் பயம்தான் என் வாயைக் கட்டியது. அவளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கும் வரை நான் அதைச் சொல்லத் தேவையில்லை. ஏழாவது வரக்கூடாது என்று நானும் மன்றாடத் தொடங்கினேன்.

ட்ராமில் பழைய நகரத்துக்குப் போனோம். ஆறாவது அங்கே தெருவோரத்தில் இருக்கிற வெள்ளைக் கோவில். அவளுடைய சபைச் சாமிமாரின் மடம் ஒரு காலத்தில் அந்த இடத்தில்தான் இருந்ததாம். அதுவும் பூட்டு. கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியிலிருந்த வாங்கில் உட்கார்ந்தாள். ஏழாவது தெருவுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எதிரே தெரிந்தது. இடிந்துபோன பெரிய கோவிலின் அத்திவாரம். இடுப்பளவுச் சுவர்கள், நடுவில் புல், மேலே வானம். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாள். கதவே இல்லாத கோவில் என்பதால்தான் அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

"எழும்பும். குளிருது" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ஏழாவதுக்கு இண்டைக்குப் போகேல்லை" என்றாள்.

"என்ன கதை இது? நேர்ந்துபோட்டு..." என்று ஏசப் பார்த்தேன். வாக்கியம் முடியவில்லை.

"அந்தக் கற்கோவிலாலை வெளியிலை வரேக்கை, நீங்கள் ஒரு கல்லறையிலை கையை ஊண்டிக்கொண்டு நிண்டனீங்கள்" என்றாள் என்னைப் பார்க்காமல். "நீங்கள் கல்லறையைத் தொடுற ஆளில்லை. அதுக்குப் பிறகு ஒருக்கால்கூட என்னை ஏசேல்லை."

நான் கையை ஜாக்கெட்டுப் பைக்குள் ஒளித்தேன்.

"ஏழாவதுக்குப் போனால் நான் கேக்க வேணும், நீங்கள் சொல்ல வேணும். போகாட்டில் சொல்லத் தேவையில்லை எல்லோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப வீட்டை போவம்."

வீட்டுக்கு வந்ததும் நான் தோயப் போனேன். தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். வெளியே வந்தபோது துவாய் ஒன்று கதவுப்பிடியில் தொங்கியது. அவள் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கும் எனக்குப் பயமாக இருந்தது.

பெரிய வெள்ளியன்று அவள் பூசைக்குப் போகவில்லை. தலையிடி என்றாள். தபசு காலத்தில் பசாம் பாடுவார்கள் அவளுடைய ஆட்கள், ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி ஒப்பாரி வைக்கிற பாட்டு. ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். ஒவ்வொரு வருடமும் முதல் அடியை எடுத்துக்கொடுப்பவள் அவள்தான். அந்த வருடம் வீட்டில் இருந்து கஞ்சி காய்ச்சினாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு காய்ச்சினாள். அழத் தொடங்கினால் அது ஆண்டவருக்கான அழுகையாக இராது என்று அவளுக்குத் தெரியும்.

போன் என்னிடமே இருந்தது. அவள் கேட்கவில்லை. நான் குளியலறைக்குப் போனாலும் கொண்டுபோனேன். சனிக்கிழமை மாடிப்படியில் நின்று, நானாகவே கனடாவுக்கு எடுத்தேன். பிழையான செய்தியாக இருக்கலாம், அந்த நாட்களில் செத்தவர்கள் என்று சொன்ன எத்தனையோ பேர் முகாமில் இருந்து கதைத்தார்கள். "வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டேன். "கிடங்கு வெட்டித் தாட்ட ஆளே சொன்னவர், மச்சான். அந்தக் கோவில் வளவுக்கையேதான் தாட்டிருக்கினம்" என்றார். "அவளுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. "கொஞ்சம் இருக்கட்டும்" என்றார்.

அன்று பின்னேரம் யன்னலால் பார்த்தேன். பியோர்ண்டாலில் இருக்கும் ஒரு அக்கா, அவளோடு கோவிலில் பாடுகிறவ, சாப்பாட்டுப் பெட்டியோடு எங்கள் கட்டடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தா. முகம் அழுது வீங்கியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. செருப்பைக்கூட மாற்றாமல் படியால் இறங்கி ஓடி, கீழ்க்கதவிலேயே மறித்தேன்.

"அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், மேலை வரவேண்டாம். அவவுக்கு இன்னும் தெரியாது."

அந்த அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "தெரியாதோ? இப்ப யன்னலாலை என்னைப் பார்த்தவ. பார்த்திட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடினவ."

நான் பெட்டியை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். இரண்டு அறைகளிலும் திரைச்சீலை மூடியிருந்தது. அவள் படுத்திருந்தாள். பெட்டியில் இருந்த புட்டை இருவரும் சாப்பிட்டோம். யார் தந்தது என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டுவிடுவாளோ என்று மூன்று நாளும் பயந்தவன், கேட்கவே மாட்டாளோ என்று அப்போது பயந்தேன். இதே போல இன்னும் ஒரு மாதம், ஒரு வருடம் அவள் திரைச்சீலையை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஞாயிறு காலை கண் விழித்தபோது கட்டிலில் அவள் இல்லை. எழும்பி ஓடினேன். வெள்ளைச் சேலை உடுத்து, அதற்கு மேல் பனிக்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். தலை வாரி இழுத்திருந்தாள்.

"வாங்கோ. ஏழாவதுக்குப் போவம்" என்றாள்.

ரயிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பழைய நகரத்தில் இறங்கியபோது ஆறாவது கோவிலில் உயிர்ப்பு ஞாயிறு மணி அடித்துக்கொண்டிருந்தது. தெருவைக் கடந்து இடிபாட்டுக்குள் நுழைந்தோம். கதவு இல்லாவிட்டாலும், வாசல் இருந்த இடத்தில் நின்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தாள். புல்லில் நடந்து கிழக்கு முனைக்குப் போனாள். "இதிலைதான் பீடம் இருந்தது எண்டு பிள்ளையளுக்குக் காட்டுறனான்" என்றாள். பிறகு மேலே, கூரை இல்லாத இடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அவன்ரை கோவிலும் இப்ப இப்பிடித்தான் இருக்குமென்ன?"

நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

"சரி. சொல்லுங்கோ."

மூன்று நாளாகத் தொண்டைக்குள் வைத்திருந்த சொல், வா என்றதும் வர மறுத்தது. அவள் என் முன்னால் காத்துக்கொண்டு நின்றாள். என் பயத்தைப் பார்த்து அவளே இரங்கியிருக்க வேண்டும்.

"முதல் என்னை ஒருக்கா ஏசுங்கோ" என்றாள். "வழமையா ஏசுற மாதிரி. பிறகு சொல்லுங்கோ."

அவளுடைய கைகளைப் பார்த்தேன். செபமாலையைச் சுற்றியிருந்த விரல்கள் சிவந்துபோயிருந்தன.

"இண்டைக்கும் கையுறை இல்லை" என்றேன். "எத்தினை தரம் சொல்லுறது? இந்தக் குளிரிலை வெறுங்கையோடை வெளிக்கிட்டு வந்திருக்கிறீர், உமக்கு அறிவெண்டு ஒண்டு இருக்கோ? விரல் விறைச்சுப்போனால் ஆர் பாக்கிறது? நான் இருக்கிறனெண்ட நினைப்போ?" தெருவில் நாயோடு போன ஒருவர் நின்று திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அதே மூச்சில், "தம்பி போட்டான், அம்மா" என்றேன்.

"ஓம்" என்றாள். "தெரியும். எண்டாலும் நீங்கள் சொல்லுமட்டும் இருந்தனான்தானே."

பீடம் இருந்த கல்லில் உட்கார்ந்தாள். பெரிய வெள்ளியன்று வாய்க்குள் பூட்டி வைத்திருந்த பசாமை எடுத்தாள். முதல் அடியை அவள் பாடினாள். திருப்பிப் பாட வேறு யாரும் இல்லாதபடியால் நான் பாடினேன்.